எழுந்ததும் ஒரு சிரிப்பு

மூக்கிலிருந்த பஞ்சை அவள் எடுக்கவில்லை.

ஷாட் ஓகே ஆகிவிட்டது. சுற்றி உட்கார்ந்து மாரடித்து அழுதவர்கள் எழுந்து போய்விட்டார்கள். மருமகளாக நடிக்கும் பெண், கிளிசரின் காயாத கண்ணோடு செல்போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் மட்டும் ஹால் நடுவே பாயில் கிடந்தாள். கழுத்தில் மாலை, நெற்றியில் ஒட்டிய காசு.

இன்னும் சிரிக்கச் சொல்லவில்லையே.

விளக்குகளைக் கழற்றி மாடிக்குக் கொண்டுபோனார்கள். அடுத்த சீன் மாடி அறையில். அவளுக்கு அதில் வேலையில்லை. இனி இந்த சீரியலில் அவளுக்கு மிச்சம் சுவரில் ஒரு போட்டோ மட்டும்தான்.

கதையில் தன்னைக் கொன்றுவிடச் சொன்னதே அவள்தான்.

அமெரிக்காவிலிருக்கும் மகளிடம் போகிறேன், திரும்பி வர மாதக்கணக்காகும் என்று டைரக்டர் மகிழ்நனிடம் சொல்லியிருந்தாள். பொய். மகள்தான் அங்கிருந்து நேற்று வந்து இறங்கியிருக்கிறாள். புதன்கிழமை காலையில் அம்மாவின் நெஞ்சைத் திறக்கப்போகிறார்கள்.

அது வெளியே தெரியக்கூடாது. நடிக்கிறவளுக்கு இதயத்தில் கோளாறு என்று தெரிந்தால் பழப்பையோடு பார்க்க வருவார்கள். உருகிப்போய் விசாரிப்பார்கள். அதற்கப்புறம் ஒருவரும் வேலைக்குக் கூப்பிடமாட்டார்கள். பாதி சீரியலில் இவள் போய்ச் சேர்ந்துவிட்டால் கதையை யார் மாற்றி எழுதுவது?

செத்து நடிப்பது அவளுக்குப் புதிதில்லை.

நாடகத்தில் செத்திருக்கிறாள். அங்கே பயமில்லை. திரை விழும், மறுபடி ஏறும், செத்தவள் மற்றவர்களோடு வரிசையில் நின்று கும்பிடுவாள். அவள் உயிரோடிருப்பதை அரங்கமே பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகும்.

சினிமாவில் நிறையவே செத்தாள். அம்மா வேஷம் என்றால் இடைவேளைக்குள் போய்விட வேண்டும். அங்கே பயம் போக ஒரு வழி வைத்திருந்தார்கள். பிணமாகப் படுத்தவர் எழுந்ததும் கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். அதைப் படம் பிடிக்க வேண்டும். சிரிக்காமல் செட்டைவிட்டுப் போனால் நடித்தது பலித்துவிடும் என்பார்கள்.

அவள் நம்பியதில்லை. பல்லைக் காட்டினால் எமன் ஓடிவிடுவானா என்று லைட்மேன்களை வம்புக்கு இழுப்பாள். ஆனாலும் சிரித்துவிட்டுத்தான் போவாள்.

இன்று அந்தச் சிரிப்பு வேண்டும்.

அவ்வளவு பயமாக இருந்தது.

மார்பின் மேல் மாலை கனத்தது. மாலைதானா என்று தெரியவில்லை.

சீரியலில் எதற்கும் நேரம் கிடையாது. இன்று எடுப்பது நாளை வீடுகளில் ஓட வேண்டும். இந்தச் சிரிப்பு வழக்கமெல்லாம் இங்கே யாருக்கு ஞாபகம் இருக்கப்போகிறது?

கேமராமேன் ஜெரால்டு, புதிதாகச் சேர்ந்தவன், கேமராவை ஸ்டாண்டோடு தூக்கப் போனான்.

"ஜெரால்டு, ஒரு சிரிப்பு எடுத்துக்கப்பா."

பிணம் பேசியதும் அவன் திடுக்கிட்டான். அவள் சொன்னது அவனுக்குப் பிடிபடவில்லை. மாடிப்படியில் நின்ற மகிழ்நனைப் பார்த்தான். மகிழ்நன் காதில் போனோடு, கையை மட்டும் சீக்கிரம் சீக்கிரம் என்று ஆட்டினான்.

ஜெரால்டு கேமராவை அவள் பக்கம் திருப்பினான்.

"சிரிங்கம்மா."

அவள் எழுந்து உட்கார்ந்தாள். பஞ்சை எடுத்தாள். முகத்தை நிமிர்த்தினாள்.

கேமராவில் சிவப்பு விளக்கு எரியவில்லை.

சும்மா பாவனை காட்டுகிறான். வயசான அம்மா, ஏதோ ஆசைப்படுகிறாள், மனசு நோகவேண்டாம் என்று நினைத்திருப்பான். நல்ல பிள்ளைதான். வாழ்நாள் முழுக்கக் கேமரா முன்னால் நின்றவளுக்கு இதுகூடவா தெரியாமல் போகும்?

சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். மானமும் போகாது, பிழைப்பும் போகாது.

முடியவில்லை.

"ஆன் பண்ணுப்பா. புதன்கிழமை எனக்கு ஹார்ட் ஆபரேஷன்."

மெதுவாகத்தான் சொல்ல நினைத்தாள். வெளியே வந்தது, கடைசி வரிசை வரை கேட்க வேண்டும் என்று மேடையில் பழகிய குரல்.

மாடிப்படியில் விளக்கைச் சுமந்து போனவர்கள் நின்றுவிட்டார்கள்.

சொல்லியாகிவிட்டது. அமெரிக்கா பொய் என்பதும் தெரிந்துவிட்டது. சாயங்காலத்துக்குள் வடபழனி ஸ்டுடியோக்கள் முழுக்கத் தெரிந்துவிடும். அவள் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

மகிழ்நன் இறங்கி வந்தான். யாரும் சொல்லாமலே லைட்மேன் ஒருவர் விளக்கைத் திரும்ப இறக்கி, அவள் முகத்துக்கு நேராக வைத்தார். மருமகள் செல்போனை மடியில் கவிழ்த்தாள்.

சிவப்பு விளக்கு எரிந்தது.

அவள் சிரித்தாள்.

உதடு சிரித்தது. கண் சேர்ந்து சிரிக்கவில்லை. மானிட்டரைப் பார்க்காமலே அவளுக்கு அது தெரிந்தது. கேட்ட இடத்தில் கேட்டபடி சிரித்துக் கொடுத்தவள்தான். இன்று சிரிப்பு வரமாட்டேன் என்கிறது.

மகிழ்நன் மானிட்டரையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் போன் மறுபடி அடித்தது. சேனலிலிருந்துதான் இருக்கும். எடுக்காமல் அணைத்துச் சட்டைப் பையில் போட்டான்.

இந்த சீரியலில் அவன் எதையும் இரண்டாம் தடவை எடுத்து அவள் பார்த்ததில்லை.

"ஒன் மோர் போலாம்மா," என்றான். "வரும்போது வரட்டும்."

ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு, அவள் எதிரில் உட்கார்ந்தான்.