வெறும் ஆணி

சுவரில் ஆணி மட்டுந்தான் இருந்தது. திரு இருதய ஆண்டவர் படமும் இல்லை, அதன் கீழே இரவு பகலாக எரிகிற சிவப்பு பல்பும் இல்லை.

“எங்க படம்?” பூசை முடிந்து நேரே தம்பி வீட்டுக்கு வந்த மாக்ரெட் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. “ஜிந்துப்பிட்டிச் சைவக்காரியக் கட்டாதே எண்டு அண்டைக்கே சொன்னனான். கேட்டியா ஒஸ்வால்ட்?”

ஒஸ்வால்ட் தேத்தண்ணிக் கோப்பைக்குள் முகத்தை வைத்துக்கொண்டான். அக்காவுக்கு முன்னால் அவனுக்கு வாய் என்று ஒன்று இருந்ததே இல்லை.

மூன்று மாதப் பிள்ளைக்குக் கழுத்து கோணல். தாயின் நெற்றிப் பொட்டுக்கு ஆண்டவர் கொடுத்த தண்டனை அது என்று மாக்ரெட் கொட்டாஞ்சேனை முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். இப்போதும் அது கட்டிலில் இடப்பக்கமாகவே முகத்தை வைத்து, அந்த வெறும் ஆணியைப் பார்த்தபடி கிடந்தது.

“பார், பச்சைப் பிள்ளை ஆண்டவரைத் தேடுது! உனக்கு அந்த அறிவும் இல்லையேடி!”

“படம் அங்க இருக்கு மதினி, இப்பதான் மாட்டினேன்,” என்றாள் பிள்ளையின் தாய் தெய்வானை.

எதிர்ச் சுவரில், வாசற்கதவோரம், செருப்பு கழற்றும் இடத்துக்கு நேர் மேலே தொங்கியது படம். பல்பு எரியவில்லை.

“செருப்புக்கு மேலயா? இனி பிள்ளை உன்னட்ட இருக்கக் கூடாது. நான் கொண்டுபோய் என்ட வீட்டில வளக்கிறன். ஃபாதரிட்டயும் கதைச்சிட்டன்.” மாக்ரெட் குனிந்து பிள்ளையின் அடியில் கையைக் கொடுத்தாள்.

ஒஸ்வால்ட் அப்போதும் எழும்பவில்லை.

“கைய எடுங்க!” என்ற தெய்வானை போய்ச் சுவிட்சைத் தட்டினாள். எதிர்ச் சுவரில் சிவப்பு வெளிச்சம் வந்தது.

பிள்ளையின் கண் முதலில் அங்கே போனது. பிறகு தாடை மெல்ல அசைந்தது, பாதியில் நின்றது. பிள்ளை முனகியது, ஆனாலும் விடாமல் வலப்பக்கம் திரும்பிவிட்டது. பிறந்ததிலிருந்து அந்தப் பக்கம் அது திரும்பியதே இல்லை.

மாக்ரெட்டின் கை அப்படியே நின்றது.

“பொட்டும் இல்ல, சாபமும் இல்ல. கழுத்துத் தசை இறுகியிருக்காம். புள்ள ஆசையா பாக்கிறத மத்தப் பக்கம் மாட்டச் சொன்னாரு டாக்டர்,” என்றாள் தெய்வானை. “நான் கூப்பிட்டா திரும்ப மாட்டேங்குறான் மதினி. ஒங்க ஆண்டவருக்குத்தான் திரும்புறான்.”