நண்டுக்கு எந்த வைன்

ஜன்னலுக்கு வெளியே திருவொற்றியூர் சாலையில் கண்டெய்னர் லாரிகள் நகராமல் நிற்கின்றன. கல்யாண நாளென்று சிவந்தி ஆசையாக வைத்த நண்டுக் குழம்பு அடுப்பில் கொதிக்கிறது. அவள் புருஷன் ஜெபசிங் இரண்டு பாட்டில்களை டியூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிக் காட்டுகிறான். ஒன்று திராட்சை, ஒன்று நாவல்பழம். "தோஸ்து வூட்ல போட்ட வைன். மருந்து கிருந்து எதுவும் கலக்கல. நண்டுக்கு எது ஷோக்கா இருக்கும், நீயே சொல்லு." அவன் குடியை விட்டு ஒரு வருடம் ஆகிறது. முகத்தில் கல்யாணமான புதிதில் பார்த்த அதே சிரிப்பு. வேண்டாமென்றால் அது போய்விடும். சரியென்றால், குடித்த அவனிடம் அவள் அடிபட்டுக் கிடந்த அந்த நாட்கள் திரும்பி வரும். "திராட்சை" என்கிறாள். அவன் இரண்டு கிளாஸிலும் ஊற்றுகிறான். அவள் இரண்டையும் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறாள். "ரெண்டும் எனக்குத்தான்யா." அவன் சிரிக்கிறான். கண் மட்டும் கிளாஸிலேயே இருக்கிறது.