ஒற்றைக் கால் வைத்தியம்

"ஆமை அழுதா எந்தக் கண்ணுல முதல்ல தண்ணி வரும், சொல்லுங்க தம்பி."

மகளைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டு முதன்முறையாக வீட்டுக்கு வந்திருந்த பையன், சோபாவின் நுனியில் உட்கார்ந்தபடி விழித்தான். ஏதோ ஆபீஸில் எழுத்து வேலை என்று மகள் சொல்லியிருந்தாள். அவளே முந்திக்கொண்டு, "அப்பா, வந்தவரை முதல்ல டீ குடிக்க விடுங்களேன்" என்றாள்.

அப்பா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவருடைய வலது கை மாவுக்கட்டோடு கழுத்திலிருந்து தொட்டில் போலத் தொங்கியது. இடது கையில் செல்போன்.

இன்ஷூரன்ஸ் கம்பெனியில் விசாரணை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். மச்சான் வீட்டு ஷெட்டில் நிற்கிற காரைத் திருட்டுப் போய்விட்டதாகச் சொன்னவர்கள், தாங்களே கொளுத்திய கடைக்காகத் தலையில் அடித்துக்கொண்டு அழுதவர்கள் என்று எத்தனையோ பேரை முகத்தை வைத்தே பிடித்தவர். ஓய்வுக்குப் பிறகு பிடிக்க ஆளில்லாமல் போனது. அப்போதுதான் இணையத்தில் 'அட, தெரியாதே' என்ற பக்கம் அவர் கண்ணில் பட்டது. காலையில் அதில் வருகிற விநோதத் தகவல்களைச் சுடச்சுடச் சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் அனுப்பிவிட்டுத்தான் மறுவேலை. பாதிப் பேர் குடும்பக் குழுவிலிருந்து கழன்றுகொண்டார்கள். அறிவு எல்லாருக்கும் செரிக்காது என்று அவர் விட்டுவிட்டார்.

"ரெண்டு கண்ணுலயும்தான் சார் வரும்" என்றான் பையன்.

"இல்ல. இடது கண்ணுலதான் வரும். வலது கண்ணுல மறுநாள்தான்."

"அது பொய், சார்."

தட்டோடு வந்த அம்மா வாசலிலேயே நின்றாள். இந்த வீட்டில் அந்தச் சொல்லைச் சொல்கிற உரிமை இதுவரை அப்பா ஒருவருக்குத்தான் இருந்தது.

அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார். "சரி. மழை வர்றதுக்கு முன்னாடி எறும்பெல்லாம் கிழக்கே தலை வெச்சுத் தூங்குமே, அது?"

"பொய் சார்."

"பாடிக்கிட்டே தண்ணி ஊத்தினா ரோஜாச் செடியில முள்ளு வராதுங்கறது?"

"அதுவும் பொய்தான் சார்."

"நல்லாக் கேட்டுக்குங்க" என்றாள் அம்மா, டீயை நீட்டியபடி. "பால்கனியில நின்னு இவர் பாடின பாட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரங்க ஜன்னலைத் திறக்கறதையே விட்டுட்டாங்க. முள்ளு மட்டும் தளதளன்னு வளருது."

மகள் பையனின் காலை மிதிப்பது அப்பாவின் கண்ணுக்குத் தப்பவில்லை. பெரியவர்களிடம் வாயாடாதே என்கிறாள் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டார்.

"கையில என்ன சார் கட்டு?" என்று பையன் மெதுவாகக் கேட்டான்.

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அம்மா சொன்னாள். "ஒத்தைக் கால்ல நின்னு பல் தேய்ச்சா வயசான காலத்துல மறதி வராதாம். நின்னாரு. பாத்ரூம்ல குப்புற விழுந்தாரு. எப்படி விழுந்தோம்கறது மட்டும் நல்லா ஞாபகம் இருக்கு."

பையனின் டீக் கோப்பை பாதி வழியில் நின்றது. முகத்தில் ரத்தமே இல்லை.

"விழுந்தது ஈரத் தரையால. வைத்தியத்துல குத்தமில்ல" என்றார் அப்பா. "கட்டைப் பிரிச்சதும் மறுபடி ஆரம்பிக்கப் போறேன்."

"வேண்டாம் சார்." பையன் கோப்பையைக் கீழே வைத்துவிட்டான். "தயவுசெஞ்சு அதைச் செய்யாதீங்க. அப்படி ஒரு வைத்தியமே கிடையாது."

"பெரிய பல்கலைக்கழகத்துல ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க தம்பி. பேர்கூடப் போட்டிருக்கு."

"அந்தப் பேர்ல பல்கலைக்கழகமே இல்ல சார்."

மகள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

அப்பா பையனை உற்றுப் பார்த்தார். பழைய நாட்களில் மேஜைக்கு எதிரே உட்கார்ந்தவர்களைப் பார்த்த அதே பார்வை. பையனின் நெற்றி வியர்த்திருந்தது. ஆனால் கண் அலையவில்லை, குரல் தடுமாறவில்லை. இவன் சொல்வது அத்தனையும் நிஜம் என்று அவருடைய அனுபவம் அடித்துச் சொன்னது.

இதற்கு முன் மகளைக் கேட்டு வந்தவர்களை நினைத்துப் பார்த்தார். எறும்புக்கும் தலையாட்டினார்கள், ஆமைக்கும் தலையாட்டினார்கள். ஒருவன் ஆச்சரியத்தில் எழுந்தே நின்றுவிட்டான். பெண் கேட்டு வந்த வீட்டில் பெண்ணின் அப்பனிடமே பொய் பொய் என்று சொல்ல நெஞ்சில் கொஞ்சமாவது நேர்மை வேண்டும்.

அவர் செல்போனைக் கவிழ்த்து வைத்தார். எதிர்பார்த்த அளவு வலிக்கவில்லை. கொஞ்சம் வெட்கமாக மட்டும் இருந்தது.

"காலம் பூரா பொய்யைத் துரத்திப் பிடிச்சவன் நான். இப்போ அது தானா கைக்குள்ள வந்து உட்கார்ந்ததும் எனக்கு அடையாளம் தெரியல" என்றார். பிறகு மனைவியைத் திரும்பிப் பார்த்தார். "மூஞ்சிக்கு நேரா உண்மை பேசற பையன். எனக்குச் சம்மதம்."

அம்மாவின் முகம் மலர்ந்தது. பையன் எழுந்து நின்று, "ரொம்ப நன்றி சார்" என்றான்.

"இனிமே என்ன சாரு? மாமான்னே கூப்பிடுங்க."

"அப்பா, அவருக்கு நேரமாச்சு, கிளம்பட்டும்" என்று மகள் அவசரமாக அவன் கையைப் பிடித்து இழுத்தாள்.

"இரும்மா, ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். நீங்க டாக்டரும் இல்ல, விஞ்ஞானியும் இல்ல. 'அட, தெரியாதே' பக்கத்துல வர்றது எல்லாம் பொய்னு இவ்வளவு உறுதியா எப்படிச் சொல்றீங்க?"

பையன் மாவுக்கட்டைப் பார்த்தான். மகளைப் பார்த்தான். தலையைக் குனிந்துகொண்டான்.

"அதையெல்லாம் எழுதறதே நான்தான், மாமா."