மரத்தை வெட்டாத அண்ணி

பெற்ற பிள்ளையைக் காவு வாங்கிய மரத்துக்கு எந்தத் தாயாவது தண்ணீர் ஊற்றுவாளா? நாத்தனாருக்கு அண்ணியிடம் இருந்த ஒரே மனக்குறை அதுதான்.

வீட்டுக்குப் பக்கவாட்டில் நின்ற மாமரத்திலிருந்து விழுந்து இறந்தபோது அண்ணன் மகனுக்கு ஒன்பது வயது. மறுவாரமே அண்ணன் கோடாரியோடு கிளம்பினார். அண்ணி மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நகரவே இல்லை. தெருவே கூடி வேடிக்கை பார்த்தது.

அதோடு விட்டாளா? அதே நிழலில் உட்கார்ந்து துணி மடித்தாள். காய்த்தபோது தெருப் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கொடுத்தாள். இறந்தவனின் கூட்டாளி, எதிர்வீட்டுப் பையன், அந்தப் பக்கமே தலைகாட்டாமல் இருந்தான். அவனையும் போய்க் கையோடு அழைத்து வந்து மரத்தடியில் உட்கார வைத்தாள். காய்ந்த கிளை விழுந்தால், ஏதாவது செய்து விளையாடு என்று அவனிடம்தான் கொடுப்பாள்.

கல்நெஞ்சுக்காரி என்று ஊர் பேசியது. நாத்தனாரும் மறுத்துப் பேசவில்லை.

வருஷங்கள் ஓடின. அண்ணனும் போய்ச் சேர்ந்தார். போன கோடையில் அடித்த காற்றில் மரம் வேரோடு சாய்ந்தது. ஒழிந்தது சனியன் என்று நாத்தனாருக்கு உள்ளுக்குள் நிம்மதி.

ஆனால் அண்ணி விறகுக்காரரைக் கூப்பிடவில்லை. எதிர்வீட்டுப் பையனைக் கூப்பிட்டாள். அவன் இப்போது நாலு பேருக்குத் தெரிந்த மரச்சிற்பி. அந்த மரத்திலேயே மகனைச் செதுக்கித் தரும்படி கேட்டாள். தன்னால் முடியாது, வேறு யாரிடமாவது கொடுங்கள் என்று அவன் கெஞ்சிப் பார்த்தான். அண்ணி விடவில்லை.

சிற்பம் தயார் என்று தகவல் வந்ததும் நாத்தனாரும் துணைக்குப் போனாள்.

பட்டறை முழுக்க மரத்தூள். நடுவில், பட்டை உரிக்காத கிளை ஒன்றில் பையன் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தான். முன்பல் விழுந்த வாயால் சிரித்துக்கொண்டிருந்தான். அச்சு அசல் அவனேதான்.

நாத்தனார் வாசலிலேயே நின்றுவிட்டாள். விழுந்த பிள்ளையை மறுபடியும் மரத்திலேயே ஏற்றி வைத்திருக்கிறானே.

அண்ணி சிற்பத்தின் கால்விரல்களைத் தடவினாள். முழங்காலைத் தடவினாள். பிறகு பையனுக்குப் பக்கத்தில், கிளையில் காலியாக இருந்த இடத்தில் கையை வைத்தாள்.

"இந்த இடத்தை ஏன்ப்பா சும்மா விட்டுட்ட?"

சிற்பி தலையைக் குனிந்துகொண்டான்.

"நீயும்தானே பக்கத்துல உட்கார்ந்திருந்த. உன்னையும் செதுக்கு."

அவன் அப்படியே மரத்தூளில் உட்கார்ந்துவிட்டான். அன்று தானும் மரத்தில் இருந்தது யாருக்கும் தெரியாது என்றுதான் இத்தனை வருஷமாக நினைத்திருந்தான்.

"அத்தை... உங்களுக்குத் தெரியுமா?"

"சமையலறை ஜன்னல்லேருந்து பார்த்துக்கிட்டுத்தானே இருந்தேன். நுனியில இருந்த காயை நீ கேட்ட. அவன் எட்டினான். நீ இறங்கி ஓடினதையும் பார்த்தேன்."

அவன் குலுங்கிக் குலுங்கி அழுதான். அழுது முடிக்கும்வரை அண்ணி அவன் தலையிலிருந்து கையை எடுக்கவில்லை. அப்புறம், அவசரமில்லை, நிதானமாகச் செய் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

திரும்பி வரும் வழியில் நாத்தனார் கேட்டேவிட்டாள்.

"அண்ணன்கிட்டகூட நீங்க மூச்சு விடலையே, அண்ணி."

"சொல்லியிருந்தா உங்க அண்ணன் அவனைச் சும்மா விட்டிருப்பாரா? அவனுக்கும் ஒன்பது வயசுதானே."

"சரி, மரத்தையாவது வெட்ட விட்டிருக்கலாமே. ஊர் வாயில விழுந்திருக்க வேண்டாமே."

"எதிர்வீடும்மா. விடிஞ்சு எழுந்தா அந்த வெட்டின இடம்தான் அவன் கண்ணுல படும். பிஞ்சு மனசு, எப்படித் தாங்கும்?"

அண்ணி நடையை நிறுத்தவில்லை.

"எம் பிள்ளை விழுந்தப்ப பிடிக்க முடியல. இவனையாவது விழாம பிடிச்சுக்கிட்டேன்."