சத்தம் போடாத வண்டி

"அந்தக் கரண்டு வண்டியில சத்தம் வருமா சார்?" என்று கேட்டாள் வேம்புலியம்மாள்.

நடேசனுக்கு மகிழ்ச்சி. அரை மணி நேரமாக அவன் பேசியதில் இந்த அம்மாள் கேட்ட முதல் கேள்வி இது.

"துளிகூட வராதும்மா. பக்கத்துல வந்து நின்னாக்கூடத் தெரியாது."

"அப்ப வேணாம்."

நடேசன் நகராட்சியின் பருவநிலைப் பிரிவில் இருந்தான். பிரிவு என்றால் ஒரு மேசை, ஒரு மின்விசிறி, அவன். மின்விசிறி ஓடாததால் அதையும் கார்பன் குறைப்பில் சேர்த்துப் போன மாதம் அறிக்கை அனுப்பியிருந்தான். இப்போது வேலப்பன் நகர் மூன்றாவது தெருவைப் 'பெட்ரோல் புகை இல்லாத தெரு' ஆக்கும் வேலை. பழைய வண்டியைக் கொடுத்தால் மின்சார ஸ்கூட்டர் இலவசம். நாற்பத்தோரு வீடுகளில் நாற்பது வீட்டார் கையெழுத்துப் போட்டாயிற்று. நாளைக் காலை பத்து மணிக்குத் தலைவர் வந்து பலகையைத் திறக்கிறார். பலகையில் பெயின்ட்கூடக் காய்ந்துவிட்டது. மிச்சம் இந்த வீடும் வாசலில் நிற்கும் இந்த பைக்கும்தான்.

"தெருவே மாறிடுச்சும்மா. உங்க வீட்டுப் பேச்சை எடுத்தா மட்டும் அக்கம்பக்கத்துல எல்லாரும் வாயை மூடிக்கிறாங்க. அவ்ளோ சண்டைக்காரரா உங்க பையன்?"

"அவனா? அவனுக்குச் சண்டையே போடத் தெரியாது சார். கோவம் வந்தா பேச மாட்டான், அவ்ளோதான். அவுங்க நைனாவோட பேசியே ரொம்ப நாளாவுது."

"எதுக்கு?"

"இந்த வண்டிக்குத்தான். வாங்காதடான்னு அவரு சொன்னாரு. இவன் வாங்கிகினு வந்து நிறுத்திட்டான். அன்னிலேர்ந்து ஒரே ஊட்ல ரெண்டு பேரும் மூஞ்சியத் திருப்பிகினு கீறாங்க."

திரைச்சீலைக்குப் பின்னால் யாரோ இருமினார்கள்.

"அவருதான். போன வருஷம் வாதம் வந்து பெரியாஸ்பத்திரில ஒன்ற மாசம் கெடந்தாரு. கண்ணு ரெண்டும் போச்சு. காது மட்டும் நல்லா கேக்கும். மெதுவாப் பேசு சார்."

நடேசன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். அடுப்பு மேடையில் மூடி வைத்த கஞ்சி தெரிந்தது.

"அவருக்குக் கஞ்சி ஆறிடப் போவுதும்மா."

"மவன் வந்து சேந்த சத்தம் கேட்டாத்தான் குடிப்பாரு. பேச மாட்டாராம், ஆனா அவன் வராம துன்னவும் மாட்டாராம்."

நடேசன் படிவத்தைப் பிரித்தான். வாசலில் எழுதி வந்த பைக் மீட்டர் எண்ணைப் பார்த்தான். இருபத்தெட்டாயிரத்து நானூற்றுப் பதினாறு. போன வருஷக் கணக்கெடுப்புத் தாளிலும் அதே எண்.

"போன வருஷம் எங்க ஆளுங்க வந்தப்போ வீடு பூட்டியிருந்துச்சாம். மீட்டரை மட்டும் எழுதிட்டுப் போயிருக்காங்க. ஒரு வருஷத்துல ஒரு கிலோமீட்டர்கூடவா ஓடல?"

அவள் திரும்பிக் கஞ்சியின் மூடியைச் சரிசெய்தாள்.

"பெட்ரோல் போடுறீங்களா?"

"மாசம் ஒரு லிட்டரு."

"ஓடாத வண்டிக்கு ஒரு லிட்டர்." நடேசன் சற்று யோசித்து அவனே தீர்ப்பும் சொன்னான். "மீட்டர் கேபிள் அறுந்திருக்கும். பழைய வண்டின்னா இதான் தொல்லை. வண்டி யார் பேர்ல இருக்கு?"

"அஜித்குமார். எம் புள்ள. அம்பத்தூர் எஸ்டேட்ல லேத் பட்டறை."

"அவர்தான் கையெழுத்துப் போடணும். வண்டி இங்க நிக்குதே, வேலைக்குக் கம்பெனி பஸ்ல போறாரா? பாருங்க, அதுவே பெரிய கார்பன் குறைப்பு." அதையும் எழுதிக்கொண்டான். "எப்ப வருவாரு?"

"ஆறரைதான் அவன் வர்ற டைமு. நீ நாளைக்கு வா சார்."

"நாளைக்குப் பலகை திறக்குறாங்கம்மா. இருந்து பார்த்துட்டே போறேன்."

வேம்புலியம்மாள் அவனுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். "வண்டிய மட்டும் எடுத்துடாத சார். வேற இன்னா வேணாலும் எடுத்துக்கோ. ஃபிரிட்ஜு புகை வுடும்னா அதையும் தூக்கிகினு போ."

"அதுக்குத் தனிப் படிவம்மா."

ஆறு இருபத்தெட்டுக்கு அவள் எழுந்தாள். சேலையைத் தூக்கி இடுப்பில் செருகினாள். ஆணியில் மாட்டியிருந்த சாவியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். வண்டியை எங்காவது ஒளித்து வைக்கப் போகிறாள் என்று நினைத்து நடேசன் பின்னாலேயே போனான்.

அவள் வண்டியை எங்கும் தள்ளவில்லை. நின்ற இடத்திலேயே உதைத்துக் கிளப்பினாள். இரண்டு முறை முறுக்கினாள். சின்னதாக ஒரு ஹாரன். பிறகு அணைத்துவிட்டு, ஸ்டாண்டைத் தரைக்கல்லில் தட்டி எழுப்ப வேண்டிய சத்தத்தை எழுப்பினாள்.

"வந்துட்டானா?" உள்ளேயிருந்து குரல் வந்தது.

"வந்துட்டான்."

"பேச மாட்டானாமா இன்னும்? சரி வுடு. துன்னுட்டுப் படுக்கச் சொல்லு. மழ வர்ற மாதிரி கீது, வண்டிய மூடி வெக்கச் சொல்லு."

"சொல்றேன்."

"இப்ப குடு கஞ்சிய."

நடேசன் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தான். யாரும் வரவில்லை.

"பையன் எங்கம்மா?"

அவள் உதட்டில் விரலை வைத்தாள். அலமாரியில் விரித்திருந்த செய்தித்தாளுக்கு அடியிலிருந்து ஒரு காகிதத்தை உருவி அவன் கையில் கொடுத்துவிட்டு, கஞ்சியை எடுத்துக்கொண்டு திரைச்சீலைக்குள் போனாள். காகிதத்தின் தலையில் அவனுடைய நகராட்சியின் முத்திரையே இருந்தது: இறப்புச் சான்றிதழ், அஜித்குமார், வயது இருபத்தாறு, தேதி போன வருஷக் கணக்கெடுப்புக்கு நான்கு நாள் முன்னால்.

நடேசன் படிவத்தில் 'இவ்வீட்டில் உள்ள வாகனங்கள்' என்ற கட்டத்தில் பூஜ்யம் போட்டுவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் படியிறங்கினான்.