இவனை மட்டும் விட்டுவிடுங்கள்

இரண்டாவது டீமும் மைக்கா லாட்னரை எடுக்கவில்லை.

லோரெய்னின் மதுக்கடை கூரை பிய்ந்துவிடும்போல அதிர்ந்தது. யாருடைய பியரோ என் முழங்காலில் கொட்டியது. டுவேன் என் கழுத்தை வளைத்து உச்சியில் முத்தம் கொடுத்தான். டவுன் பஸ் ஓட்டுகிறவன், பெற்ற தாய் செத்தபோதுகூட அழாதவன். இப்போது அவன் கண் கலங்கியிருந்தது.

அடுத்தது எங்கள் முறை.

கல்லூரியில் அமெரிக்கன் ஃபுட்பால் ஆடி முடித்த பையன்களை டீம்கள் ஒவ்வொருவராகப் பொறுக்கி எடுக்கும் நாள் இது. போன வருஷம் தோற்றுத் தொலைத்தவனுக்கு முதல் பந்தி. அதனால் எங்களுக்கு எப்போதும் முன்வரிசையில் இடம் கிடைத்துவிடும். பையனுக்கு இதில் வாய் கிடையாது. எடுத்தவனிடம் போய் ஆட வேண்டியதுதான்.

மைக்கா குவார்ட்டர்பேக். பந்தை எறிகிறவன், ஆட்டத்தை நடத்துகிறவன். ஜெயித்தால் அவன்தான் சாமி, தோற்றால் அவன்தான் சனியன்.

கடை முழுவதும் அவனுக்காக வேண்டிக்கொண்டிருந்தது. நானும் கண்ணை மூடி வேண்டிக்கொண்டேன். வேறு யாரையாவது எடுங்கள். இவனை மட்டும் விட்டுவிடுங்கள்.

"நமக்கு வேண்டியது தடுக்கிற ஆளு," என்றேன், எல்லோருக்கும் கேட்கட்டும் என்று. "எறியறவனுக்கு முன்னாடி நின்னு காப்பாத்த ஒருத்தன் இல்ல. சுவரே இல்லாத வீட்டுக்கு எதுக்குய்யா கூரை?"

"ரஸ்ஸுக்கு ஏறிடுச்சு," என்றான் டுவேன். "லோரெய்ன், இவனுக்கு இனிமே பச்சத்தண்ணி மட்டும் ஊத்து."

எல்லோரும் சிரித்தார்கள்.

கல்லாவுக்கு மேலே சுவரில் சட்டைகள் தலைகீழாகத் தொங்குகின்றன. வந்த குவார்ட்டர்பேக் விளங்கவில்லை என்றால் அவன் பெயர் போட்ட சட்டையைக் கவிழ்த்து ஆணியடித்துவிடுவது இந்தக் கடையின் வழக்கம். அவர்களில் ஒருவனும் மட்டமானவன் இல்லை. எல்லோரையும் தலையில் தூக்கி வைத்துக்கொண்டுதான் கூட்டி வந்தோம். தடுக்க ஆளில்லாமல் அடி வாங்கி வாங்கியே விழுந்தார்கள்.

கடைசியாக வந்தவன் ப்ரூவிட். தோள்பட்டை உடைந்து அவன் தரையில் கிடந்தபோது அரங்கம் கைதட்டியது. இனியாவது வேறு ஆளைப் போடுவார்களே என்று. அவன் மனைவி கைக்குழந்தையோடு மேலே உட்கார்ந்து அதைப் பார்த்தாள். அந்தக் குழந்தையை அவனால் இன்றைக்கும் வலது கையால் தூக்க முடியாதாம்.

நாங்கள் கெட்டவர்கள் இல்லை. ஜனவரிப் பனியில் நின்று தொண்டை கிழியக் கத்துகிறவர்கள். ஆசை வைத்து ஆசை வைத்து வெந்து போனவர்கள். வெந்தவன் எதையும் கடித்துவிடுவான்.

டிவியில் மைக்காவின் வீட்டைக் காட்டினார்கள். டெக்சாஸில், சோபாவில், புது கோட்டும் டையுமாக உட்கார்ந்திருந்தான். ஒரு பக்கம் அவன் அம்மா கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். இன்னொரு பக்கம் கதவு அகலத்துக்கு ஒரு மனிதர். யாரோ மைக்கை நீட்டி ஏதோ கேட்க, மஞ்சள் தண்ணீர் தெளித்த ஆடுபோல அவன் தலையாட்டினான்.

"அப்பன் உடம்பப் பாரு," என்றான் டுவேன். "அதான் புள்ள அந்தத் தூரம் எறியறான். இன்னிக்கு அந்தாளுக்குத் தலகால் புரியாது."

தட்டில் இருந்த கோழி இறக்கையைத் தள்ளி வைத்தேன்.

விளம்பரம் வந்தது. ஏதோ ஒரு லாரி மலை ஏறிக்கொண்டிருந்தது. எடுக்கப்போகிற டீம் முதலில் பையனுக்குப் போன் போட்டுச் சொல்லிவிடும். மேடையில் பெயரை வாசிப்பது அதற்குப் பிறகுதான். இது இந்தக் கடையில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும்.

என் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது.

விட்டுவிட்டேன். எடுக்காவிட்டால் நடக்காமல் போய்விடும் என்று ஒரு பைத்தியக்கார எண்ணம். நின்றது. மறுபடியும் அதிர்ந்தது.

"எடுத்துத் தொலையேன்யா," என்றான் டுவேன், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

எடுத்தேன்.

"அப்பா, எடுத்துட்டாங்கப்பா. நம்ம டீமு. சின்ன வயசுல நீ தொப்பி வாங்கி அனுப்புனியே, அதே டீமு."

லாட்னர் என்பது அவன் அம்மாவின் குடும்பப் பெயர். சோபாவில் இருந்தவர் அவளுடைய இரண்டாவது கணவர், நல்ல மனிதர். எனக்கு இப்படி ஒரு மகன் இருப்பதை இங்கே யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் அன்றைக்கே சட்டை அச்சடித்துவிடுவார்கள் என்று பயம்.

"ரொம்ப சந்தோஷம்டா," என்றேன். குரல் உடைந்துவிட்டது. அவன் அதைச் சந்தோஷம் என்றே எடுத்துக்கொண்டான்.

"யார்கிட்டயும் சொல்லிடாத. போன வைக்காத, என்ன? எம் பேரு வரும்போது உங்க லோரெய்ன் கடையே கத்தும்ல, அத நான் கேக்கணும்."

விளம்பரம் முடிந்தது. மேடையில் ஒருவர் கையில் அட்டையோடு நடந்து வந்தார். டுவேன் என் தோளை நகம் பதியப் பிடித்துக்கொண்டான். கடை மொத்தமும் மூச்சை அடக்கிக்கொண்டது.

நான் போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தேன்.