முன்சக்கரம்

திங்கட்கிழமைகளில் ஜெரால்டு மடியில் ஒரு சைக்கிள் சக்கரத்தோடு பேருந்தில் உட்கார்ந்திருப்பான். அது அவன் மனைவி எழிலரசியுடையது. பந்தயத்துக்காக வாராவாரம் தூரத்தைக் கூட்டிக்கொண்டிருந்தவள், ஓய்வு நாளான திங்களன்றும் "சும்மா ஒரு ரவுண்டுதான்" என்று கிளம்பிப்போய்ப் பாலத்தின்மேல் மயங்கி விழுந்தாள். அதிலிருந்து திங்கள்தோறும் முன்சக்கரத்தைக் கழற்றி அலுவலகத்துக்கே கொண்டுபோய்விடுகிறான். அன்று முழுக்க அவள் அவனோடு பேசமாட்டாள்.

இந்தத் திங்கள் அவன் குளித்துவிட்டு வந்தபோது, சக்கரம் ஏற்கெனவே கழற்றப்பட்டுச் சாப்பாட்டுப் பையோடு வாசலில் சாய்ந்திருந்தது. உள்ளே அவள் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். இனி அதை விட்டுவிட்டே போகலாம். இருந்தும் எடுத்துக்கொண்டான்.

"அக்காவுக்கு இன்னிக்கும் ரெஸ்ட்டா சார்?" என்றார் கண்டக்டர்.

"ஆமாங்க. நல்லாத் தூங்குறா," என்று தணிந்த குரலில் சொன்னான். பேருந்து குலுங்கியபோது, சக்கரம் சுற்றிவிடாமல் உள்ளங்கையால் மெல்லப் பிடித்துக்கொண்டான்.